தாஜ்மஹாலின் புல்தரை

அன்புள்ள ஐயா,

சமீபத்தில் குடும்பத்தோடு ஆக்ரா போயிருந்தேன். தாஜ்மஹால் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் முன்னாலிருக்கும் தோட்டம் எனக்குப் பிடிக்கவே இல்லை. நடுவில் ஒரு நேர் வாய்க்கால், இருபக்கமும் வெறும் புல்தரை, கோல்ஃப் மைதானம் மாதிரி. நடந்துபோகிற வழியில் நிழல் கிடையாது. கூட்டம் வேறு. முகலாயர்கள் தோட்டக்கலையில் பெரிய ஆட்கள் என்பதெல்லாம் மிகையா, இல்லை எனக்குத்தான் ரசனை போதவில்லையா?

வி.

அன்புள்ள வி.,

கூட்டத்தைப் பற்றி என்னிடம் சொல்லிப் பயனில்லை, அந்தக் கூட்டத்தில் நீங்களும் ஒருவர். ரசனைக் கேள்வியையும் விடுங்கள். உலகமே புகழும் இடத்தைப் பிடிக்கவில்லை என்று கூசாமல் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் கோல்ஃப் மைதானம் என்று எழுதிய கையோடு பழியை முகலாயர் தலையில் போட்டீர்களே, அங்கேதான் கோபம் வருகிறது. கோல்ஃப் ஆடியவர்கள் யார் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கக் கூடாதா?

அந்தப் புல்தரை கர்சன் பிரபு காலத்து வேலை. 1899 முதல் 1905 வரை வைஸ்ராயாக இருந்தவர். தாஜ்மஹாலைப் பழுதுபார்த்துக் காப்பாற்றியதில் அவருக்குப் பெரிய பங்குண்டு, அதைச் சொல்லிவிட வேண்டும். தோட்டம் மட்டும் இங்கிலாந்துப் பூங்காவாகிவிட்டது. அதற்கு முன், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எடுத்த புகைப்படங்களைத் தேடிப் பாருங்கள். வாய்க்காலின் இருபக்கமும் மரங்கள் அடர்ந்து கிடக்கும். ஷாஜகான் ஆக்ரா கோட்டையில் சிறையிருந்த காலத்தில் தாஜைப் பார்த்த பிரெஞ்சு வைத்தியர் பெர்னியே, மரம் கவிந்த நடைபாதைகளையும் பூப்பாத்திகளையும் எழுதி வைத்திருக்கிறார். நீங்கள் கேட்கிற நிழல் அங்கே இருந்தது.

எனக்கும் அந்தப் புல்லைப் பிடிக்காது. ஆனால் அங்கே போனால் நான் பார்ப்பது புல்லை அல்ல, தண்ணீரை. சலவைக்கல்லைப் பற்றி எழுதாதவர் இல்லை. ஏறக்குறைய 300 மீட்டர் சதுரத் தோட்டத்துக்குத் தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்பவர்தான் இல்லை. நீங்களும் கேட்கவில்லை. யமுனை கீழே ஓடுகிறது. மாடு கட்டி, தோல் சாலில் இறைத்து, உயரத்திலிருந்த தொட்டிகளுக்கு ஏற்றினார்கள். நம் ஊர்க் கமலையேதான்!

என் தாத்தாவின் தோட்டத்தில் கமலை இருந்தது. மாடுகள் சரிவில் இறங்கும்போது தாத்தா வடத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார், பாரத்துக்கு. சால் மேலே வந்ததும் தோல் வால் வழியாகத் தண்ணீர் கொட்டும். உடனே மாடுகள் பின்பக்கமாகவே மேட்டில் ஏறி வர வேண்டும். நாலு மிளகாய்ப் பாத்தி நனைவதற்குள் மாட்டின் வாயில் நுரை தள்ளிவிடும். பேரரசன் வீட்டு நீரூற்றுக்கும் அதே நுரைதான்.

அந்த நீரூற்றுகளின் அடியில் ஆளுக்கொரு செம்புப் பானை உண்டு. குழாயில் வரும் தண்ணீர் முதலில் பானைகளையெல்லாம் நிரப்பும், அப்புறம்தான் எல்லா ஊற்றும் ஒன்றாக, ஒரே உயரத்துக்கு எழும். பானை இல்லாவிட்டால் என்ன ஆகும்? தலைமடைக்காரன் கொழிக்க, கடைமடைக்காரன் வானத்தைப் பார்க்கிற கதைதான். பம்பு இல்லாத காலத்தில் இதை யோசித்த ஆளுக்கா தோட்டக்கலை தெரியாது? வாய்க்காலை இவ்வளவு நேராகப் போட்டதைக் குறை சொல்கிறீர்கள். மட்டம் ஒரு விரல்கடை பிசகினால் தண்ணீர் ஒரு பக்கம் தேங்கிவிடும், பாத்தி கட்டிய யாரையும் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த முறை போனால் ஆற்றுக்கு அக்கரையில், தாஜுக்கு நேர் எதிரே இருக்கும் மெஹ்தாப் பாக் என்ற தோட்டத்துக்குப் போங்கள். 1990களில் தோண்டியபோது அங்கே பெரிய எண்கோணக் குளம் ஒன்று வெளிப்பட்டது. தாஜின் பிம்பம் அதன் தண்ணீரில் தெரியும்படி அமைத்தது. இப்போது அங்கே நிற்கும் செடிகள் தொல்லியல் துறை நட்டவை. அவை பிடிக்காவிட்டால் அதற்கும் ஷாஜகானைத் திட்டிக் கடிதம் எழுதாதீர்கள்.