லண்டனில் ஜின் வடிப்பதைப் பார்க்கப் போகிறீர்களா? வாசகர் கேள்வி பதில்

லண்டனில் மகள் வீட்டுக்குப் போகிறோம். சிஸ்விக் பகுதியில் உள்ள ஒரு சின்ன ஜின் டிஸ்டில்லரியைச் சுற்றிப் பார்க்க மாப்பிள்ளை டிக்கெட் எடுத்திருக்கிறார். அங்கே பார்க்க அப்படி என்ன இருக்கிறது? என்ன கேட்கலாம்? – ஒரு வாசகர், மதுரை

சிஸ்விக் என்கிறீர்கள், அநேகமாக அது சிப்ஸ்மித்தாக இருக்கும். 2009-ல் ஹாமர்ஸ்மித்தில் தொடங்கி, 2014-ல் சிஸ்விக்குக்கு மாறிய நிறுவனம். இவர்கள் வாங்கிய முதல் செம்புக் கலம் ஜெர்மனியின் கிறிஸ்டியன் கார்ல் செய்தது. கொள்ளளவு 300 லிட்டர். அதற்கு உரிமம் வாங்கத்தான் படாத பாடு. 1,800 லிட்டருக்குச் சிறிய கலமாக இருந்தால் உரிமத்தை மறுக்கலாம் என்று 1979-ஆம் ஆண்டு மதுவரிச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. கள்ளத்தனமாக வடிப்பவர்களைத் தடுக்கப் போட்ட விதி, சின்ன முதலாளிகளையும் சேர்த்து மடக்கியது. சுமார் இரண்டு வருடம் போராடி இவர்கள் உரிமம் வாங்கிய பிறகுதான் மற்றவர்களுக்கும் வழி பிறந்தது.

உள்ளே போனதும் முதலில் கேட்க வேண்டியது: “ஆல்கஹாலை நீங்களே உண்டாக்குகிறீர்களா, வெளியே வாங்குகிறீர்களா?” ஜின் செய்யும் சின்ன நிறுவனங்களில் பெரும்பாலானவை வெளியேதான் வாங்குகின்றன. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ‘லண்டன் ஜின்’ என்று லேபிள் ஒட்ட வேண்டுமானால் மூல ஆல்கஹால் குறைந்தது 96 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி. பானை வடிவக் கலத்தில் அந்த அளவுக்கு ஏற்றுவது நடக்கிற காரியமல்ல. உயரமான கோபுரக் கலம் உள்ள பெரிய ஆலைகளால்தான் முடியும். சின்ன நிறுவனம் அதை டிரம்மில் வாங்கி, வாசனைப் பொருட்களைப் போட்டு மறுபடி வடிக்கிறது. ஆகவே தானியம் ஊறுவதும் ஈஸ்ட் நுரைப்பதும் பார்க்கக் கிடைக்காது. அந்த ஆசை இருந்தால் விஸ்கியும் செய்கிற இடமாகப் பார்த்துப் போங்கள். பிரிட்டனில் மூன்று வருடம் மரப் பீப்பாயில் கிடந்தால்தான் விஸ்கி என்று பெயர் வைக்க முடியும். அதுவரை வாடகை கட்ட வேண்டாமா? புதுசாகத் தொடங்குபவர்கள் ஜின்னில் இறங்குவதற்கு அதுதான் காரணம்.

நான் ரசாயன ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கலத்துக்குள் நடப்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடியுமா? – ஒரு வாசகர், கோவை

தாராளமாக. 96 சதவீத ஆல்கஹாலை அப்படியே காய்ச்ச மாட்டார்கள். தண்ணீர் கலந்து 50 முதல் 60 சதவீதத்துக்கு இறக்குவார்கள். தீ அபாயம் குறையும். ஆல்கஹால் ஆவியான பிறகும் அடியில் தண்ணீர் நிற்பதால் வாசனைப் பொருட்கள் கருகாது. 250 லிட்டர் திரவத்துக்கு, லிட்டருக்கு 20 கிராம் கணக்கில் 5 கிலோ ஜூனிபர் (ஜின்னுக்கு அடிப்படை வாசனை தரும் காய்) என்பது பரவலான ஓர் அளவு. கொத்தமல்லி விதை அதில் பாதி. ஏஞ்சலிகா வேர், ஓரிஸ் கிழங்கு, அதிமதுரம், பட்டை எல்லாம் லிட்டருக்கு ஓரிரு கிராம் போதும். சிப்ஸ்மித் பட்டியலில் மொத்தம் பத்துப் பொருட்கள். அரைத்த பாதாமும் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல்களும் அதில் உண்டு. பெயர்களைப் படித்தால் பாதி நம் நாட்டு மருந்துக் கடைப் பட்டியல்தான்.

ஊறப்போடும் நேரம் ஆளுக்கு ஆள் மாறும். கென்னிங்டனில் உள்ள பெரிய ஆலையான பீஃபீட்டர் 24 மணி நேரம் ஊறவைக்கிறது. காலையில் கலத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் நீராவியைத் திறந்துவிட்டு மெதுவாகச் சூடேற்றுவார்கள். 50 சதவீதக் கலவை 82 டிகிரி வாக்கில் கொதிக்கும்.

உண்மையான வேலை அதன் பிறகுதான். ஆவியைக் குளிரவைத்துத் திரவமாக்கும் கண்டென்சரிலிருந்து முதலில் சொட்டும் ஓரிரு லிட்டரைத் தனியே ஒதுக்குவார்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் போன்ற நெடி, போன வடிப்பில் குழாயில் தங்கிய எண்ணெய் எல்லாம் அதில் வந்துவிடும். அடுத்து வருவது நடு வடி, 80 சதவீதத்துக்கு மேல். அதற்குள்ளும் வரிசை இருக்கிறது: எலுமிச்சை, ஆரஞ்சு வாசனை முந்திக்கொள்ளும், நடுவில் ஜூனிபரும் கொத்தமல்லியும், வேர்களும் பட்டையும் கடைசியில். ஹைட்ரோமீட்டர் (ஆல்கஹால் அளவைப் பார்க்கும் கருவி) காட்டும் சதவீதம் இறங்கிக்கொண்டே வரும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை தட்டினால் கடைசி வடி தொடங்கிவிட்டது என்று அர்த்தம். எந்த நிமிடத்தில் குழாயை மாற்றுவது என்பதை மீட்டர் ஓரளவுக்குத்தான் சொல்லும், மிச்சத்தை மூக்குதான் சொல்ல வேண்டும். சீக்கிரம் நிறுத்தினால் வேர் வாசனை இல்லாமல் ஜின் மொட்டையாக இருக்கும். தாமதித்தால் தொண்டையில் அழுக்காக நிற்கும்.

அவசரப்பட்டு நீராவியைக் கூட்டினால் இரண்டு கோளாறு. கலவை நுரைத்துப் பொங்கி, வாசனைப் பொருட்களோடு கழுத்துக் குழாய்க்குள் ஏறிவிடும். கண்டென்சர் தாக்குப்பிடிக்காமல், திரவமாகாத ஆவி அறைக்குள் பரவும். இந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு படியும்; ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். வடிக்கும் அறையில் போனை அணைத்துவிடுங்கள் என்று வழிகாட்டி சொல்வது பந்தாவுக்காக அல்ல.

முதல் வடியில் மெத்தனால் வரும், அதை ஒதுக்காவிட்டால் கண் போய்விடும் என்கிறார்கள். கள்ளக்குறிச்சிச் செய்தி படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. – ஒரு வாசகி, விழுப்புரம்

முதல் வடியைக் கொட்டிவிட்டால் மெத்தனால் போய்விடும் என்பது பாதி உண்மை. அதன் கொதிநிலை 64.7 டிகிரி, குடிக்கிற ஆல்கஹாலான எத்தனாலுக்கு 78 டிகிரி. ஆனால் தண்ணீரோடு கலந்திருக்கும்போது மெத்தனால் அப்படிச் சுத்தமாகப் பிரிந்து முன்னால் வந்துவிடாது, வடிப்பு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வரும். பயப்படத் தேவையில்லாததற்கு வேறு காரணம் உண்டு. மெத்தனால் உருவாவது பழங்களில் உள்ள பெக்டின் என்ற பொருளிலிருந்து. தானிய ஆல்கஹாலில் அது மிகவும் குறைவு. லண்டன் ஜின்னின் மூல ஆல்கஹாலில், 100 லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 5 கிராமுக்கு மேல் மெத்தனால் இருக்கக் கூடாது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தது வடிக்கத் தெரியாததால் அல்ல. ஆலைகளுக்கான மெத்தனாலைச் சாராயத்தில் கலந்து விற்றதால்.

அங்கிருந்து என் அண்ணன் கொண்டுவந்த ஜின், ஐஸ் தண்ணீர் ஊற்றியதும் பால்போல் வெளுத்துவிட்டது. கலப்படமா? – ஒரு வாசகர், திருச்சி

கலப்படம் இல்லை. ஜூனிபர், பழத்தோல் எண்ணெய்கள் ஆல்கஹாலில் கரையும், தண்ணீரில் கரையாது. ஆல்கஹால் சதவீதம் இறங்கி, குளிரும் சேர்ந்தால் எண்ணெய் நுண்துளிகளாகப் பிரிந்து வெண்மையாகத் தெரியும். வாசனைப் பொருட்களைத் தாராளமாகப் போட்ட ஜின்னில் இது நடக்கும், தாராளமாகக் குடிக்கலாம் (அளவோடு!). பாட்டிலுக்குள்ளேயே கலங்கியிருந்தால்தான் தயாரித்தவர் கணக்கில் பிசகு: எண்ணெய்க்குத் தாங்காத அளவுக்குத் தண்ணீர் சேர்த்துவிட்டார்.

தண்ணீர் கணக்கே ஒரு வேடிக்கை. ஒரு லிட்டர் தூய ஆல்கஹாலும் ஒரு லிட்டர் தண்ணீரும் சேர்ந்தால் இரண்டு லிட்டர் வராது, சுமார் 1.93 லிட்டர்தான். கலக்கும்போது சூடும் கிளம்பும். எனவே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஆறவிட்டு, 20 டிகிரியில் அளந்து பார்ப்பார்கள்.

ருசி பார்க்கக் கொடுப்பார்களாமே. குடிக்காதவர்கள் போகலாமா? – ஒரு வாசகி, சேலம்

போகலாம். நசுக்கிய ஜூனிபரை முகர்வதும் கலத்தைப் பார்ப்பதுமே பாதி நேரம். 40 சதவீதத்தில் 25 மில்லி என்பது அங்கே ஒரு ‘யூனிட்’ (குடித்த ஆல்கஹாலைக் கணக்கிடும் அலகு). மூன்று நான்கு வகை சின்னச் சின்னதாக ஊற்றினாலும் கூட்டிப் பாருங்கள். இங்கிலாந்தில் வாகனம் ஓட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம்; ஆனாலும் ரயிலில் போவதே உத்தமம். ருசிக்கும்போது முதலில் தண்ணீர் கலக்காமல் ஒரு துளி, பிறகு சம அளவு தண்ணீர் சேர்த்து ஒரு வாய். குறைகள் தண்ணீர் சேர்த்த பிறகுதான் தெரியும்.

சின்னக் கம்பெனி பாட்டிலுக்கு ஏன் இவ்வளவு விலை? ஊருக்கு எத்தனை கொண்டுவரலாம்? – ஒரு வாசகர், சென்னை

வரிதான். பிரிட்டனில் 2025 பிப்ரவரியில் வந்த கட்டணப்படி, ஒரு லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 32.79 பவுண்டாக இருந்தது. 40 சதவீதமுள்ள 70 சென்டிலிட்டர் பாட்டிலில் 0.28 லிட்டர் தூய ஆல்கஹால்; ஆக, அப்போதைய கணக்கில் 9.18 பவுண்டு. அதன்மேல் 20 சதவீத வாட். சின்ன பீர் தயாரிப்பாளருக்கு வரிச் சலுகை உண்டு, 8.5 சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றுக்கு மட்டும் என்பதால் ஜின்காரருக்குக் கிடையாது. இதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

இந்தியாவுக்குச் சுங்க வரியில்லாமல் 2 லிட்டர் வரை கொண்டுவரலாம். 70 சென்டிலிட்டர் பாட்டில் என்றால் இரண்டு. ‘நேவி ஸ்ட்ரெங்த்’ என்ற கடுமையான ஜின் வகைகூட 57 சதவீதம்தான், விமானத்தில் தடையில்லை. 70 சதவீதத்தைத் தாண்டினால்தான் ஏற்ற மாட்டார்கள். செக்-இன் பெட்டியில், மூடியின் மேல் டேப் சுற்றி, ஜிப் பை ஒன்றுக்குள் போட்டு, நடுவில் துணி வைத்து அடுக்குங்கள். பெட்டியின் ஓரத்தில் வைக்காதீர்கள்.