ஹால்பர்ட், பைக், பில்: இவற்றில் எது சிறந்தது?

இடைக்கால ஐரோப்பாவின் நீளக்கழி ஆயுதங்களில் எது மற்றவற்றை வெல்லும் என்று கேட்டிருக்கிறீர்கள். காலடியில் எப்படிப்பட்ட நிலம், பக்கத்தில் எத்தனை பேர் என்று தெரியாமல் இதற்கு விடை சொல்ல முடியாது. கணினி விளையாட்டுகள் ஆயுதங்களுக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துவது எனக்குப் பிடிக்காததற்குக் காரணமும் இதுதான்.

சுவிஸ் வீரர்களின் ஹால்பர்டையே எடுத்துக்கொள்வோம். சுமார் இரண்டு மீட்டர் மரத்தண்டு, அதன் தலையில் கோடரி அலகு, உச்சியில் குத்துமுனை. பிற்காலத்தில் குதிரைவீரனைப் பிடித்து இழுக்கப் பின்புறம் கொக்கியும் சேர்ந்தது. எதிரியின் வாள் தண்டை வெட்டிவிடாதபடி பக்கங்களில் இரும்புப் பட்டை அடித்திருப்பார்கள். 1315இல் மோர்கார்ட்டனில், ஏரிக்கும் மலைச்சரிவுக்கும் நடுவே ஒடுங்கிய வழியில் சிக்கிய ஆஸ்திரியக் குதிரைப்படையை மலைநாட்டு விவசாயிகள் இதைக் கொண்டு சிதைத்தார்கள். குதிரைகள் பாய்ந்துவர அங்கே இடமே இல்லை.

1422இல் ஆர்பேடோவில் நிலைமை தலைகீழானது. மிலான் படைத்தலைவர் கார்மன்யோலா தம் கவசவீரர்களைக் குதிரையிலிருந்து இறக்கி, நீண்ட ஈட்டிகளுடன் நடந்தே முன்னேறச் செய்தார். ஹால்பர்டை ஓங்கும் தூரத்துக்குள் சுவிஸ் வீரர்களால் நெருங்க முடியவில்லை. அந்தத் தோல்விக்குப் பிறகு அவர்கள் படையில் பைக் எனப்படும் ஐந்து மீட்டர் ஈட்டிகள் பெருகின. ஹால்பர்ட்காரர்கள் அணியின் நடுவே கொடிகளைச் சுற்றி நின்றார்கள். முன்வரிசைகள் முட்டிக்கொண்டு நின்றதும் வெளிப்பட்டு வெட்டினார்கள். 1476இல் கிராண்சோனிலும் முர்ட்டனிலும் பர்கண்டி கோமகன் சார்லஸைத் தோற்கடித்தது இந்தக் கூட்டணிதான். மறு ஆண்டு நான்சியில் அவர் மண்டை பிளந்து இறந்துகிடந்தார்.

பைக்கே வெல்லும் என்று இப்போது முடிவுகட்டத் தோன்றும். 1513இல் ஃப்ளாடனில் ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்ஸும் அப்படித்தான் நம்பினார். பிரெஞ்சு அதிகாரிகள் அவருடைய படைக்குப் பைக் பயிற்சி அளித்திருந்தார்கள். ஆனால் பைக்கின் பலம் முழுவதும் வரிசை குலையாமல் நகர்வதில் இருக்கிறது. பல வரிசைகளின் முனைகள் ஒன்றாக நீட்டி நிற்கும்வரைதான் எதிரி அஞ்சுவான். மன்னரின் அணி குன்றிலிருந்து இறங்கியதும் அடிவாரத்துச் சதுப்பில் கால் புதைந்தது, வரிசை கலைந்தது, வேகம் செத்தது. எதிரே நின்ற ஆங்கிலேயரிடம் இருந்தது பில். வேலி வெட்டும் அரிவாளிலிருந்து பிறந்த ஆயுதம் அது. நம் ஊர்த் துறட்டியைக் குட்டையாக்கி, கனமாக்கி, உச்சியில் குத்துமுனை வைத்ததுபோல் இருக்கும். ஈட்டிமுனைகளை ஒதுக்கி உள்ளே நுழைந்துவிட்ட ஒருவனுக்கு எதிராக ஐந்து மீட்டர்க் கழியை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. ஸ்காட்லாந்து வீரர்கள் பைக்குகளை எறிந்துவிட்டு வாளை உருவினார்கள். பில்லின் நீளத்துக்கு முன் வாளும் எடுபடவில்லை. மன்னரும் களத்திலேயே மாண்டார். அதே நாளில், அதே பைக்குகளுடன் உறுதியான தரையில் முன்னேறிய ஸ்காட்லாந்தின் இடப்பக்க அணி எதிரே நின்றவர்களை விரட்டியடித்திருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயுதம் ஒன்றுதான், மாறியது தரை.

உங்கள் கேள்வி கவசமணிந்த இருவர் நேருக்கு நேர் மோதுவதைப் பற்றியது என்றால், நான் போல்ஆக்ஸைத்தான் சொல்வேன். ஆளுயரத் தண்டில் சுத்தியல் அல்லது கோடரி, மேலும் கீழும் முனைகள். கூர்முனையால் கவச இடுக்கில் குத்தலாம், சுத்தியலால் தலைக்கவசத்தோடு சேர்த்து மண்டையை அதிர வைக்கலாம்.