டவுன் ஓட்டத்துக்கு டீசலா, பெட்ரோலா?

கேள்வி: தினமும் தருமபுரி டவுனுக்குள் 15 கி.மீ. ஓட்டம், மாதம் ஒருமுறை சேலம். மைலேஜுக்காக டீசல் கார் வாங்கலாமா?
- வாசகி, தருமபுரி

பதில்: வேண்டாம். பி.எஸ். 6 என்ற புகை மாசு விதிப்படி வரும் டீசல் காரில், புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். ஃபில்டர் உண்டு. சேர்ந்த கரி எரிந்து ஃபில்டர் சுத்தமாக, புகை 600 டிகிரி வரை சூடேற வேண்டும். பைபாஸில் நிற்காமல் கால் மணி நேரமாவது ஓடினால்தான் நடக்கும். நாலு ரோடு நெரிசலில் கரி எரிவது பாதியில் நின்று, ஃபில்டர் அடைத்து, வண்டி இழுக்காது. பிறகு செலவு உங்கள் தலையில்!

1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக் தாராளம். ஏ.எம்.டி. (கிளட்ச் மிதிக்காமல் தானாக கியர் மாறும் வகை) எடுத்தாலும் மைலேஜ் பெரிதாகக் குறையாது. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் மட்டும் மேனுவல் மோடில் கீழ் கியரில் இறங்குங்கள். விளம்பர மைலேஜ் ஆய்வகக் கணக்கு. டவுனில் அது கிடைக்காது.