அபு சிம்பெல்: சூரிய ஒளிக்காகப் பயணத் தேதியை மாற்றலாமா?

கேள்வி: பிப்ரவரியில் குழுவாக எகிப்து போகிறோம். அபு சிம்பெல் கோயிலுக்கு 24-ஆம் தேதி என்று போட்டிருக்கிறார்கள். 22 அன்று மட்டும்தான் சூரிய ஒளி கருவறைக்குள் விழும் என்கிறார்களே, இரண்டு நாள் தள்ளிப்போனால் ஒன்றுமே தெரியாதா? கூடுதலாகப் பணம் கட்டித் தேதியை மாற்றலாமா?

பதில்: முடிந்தால் 23-க்கு மாற்றுங்கள். 22-க்காகப் பணம் கட்ட வேண்டாம்.

இந்தக் கோயில் இரண்டாம் ராம்செஸ் மன்னன் பாறையைக் குடைந்து கட்டியது. வாசலிலிருந்து கருவறைச் சுவர் வரை சுமார் 60 மீட்டர் ஆழம். வாசல் நேர்க் கிழக்கைப் பார்க்காமல், பத்துப் பதினோரு டிகிரி தெற்கே சாய்ந்திருக்கிறது. சூரியன் அந்த இடத்தில் உதிப்பது வருடத்துக்கு இரண்டு முறை: தெற்கே போகும்போது அக்டோபர் 22, திரும்பி வரும்போது பிப்ரவரி 22. மன்னனின் பிறந்தநாள், முடிசூட்டு நாள் என்றெல்லாம் வழிகாட்டிகள் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது.

சரி, ஒரு நாள் தவறினால் என்ன ஆகும்? இந்தப் பருவத்தில் உதிக்கும் இடம் தினமும் சுமார் 0.4 டிகிரி நகர்கிறது. 60 மீட்டர் உள்ளே அது ஏறக்குறைய 40 சென்டிமீட்டர், அதாவது ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. கருவறையில் இடமிருந்து வலமாக ப்தா, அமுன்-ரா, ராம்செஸ், ரா-ஹொராக்தி என்று நால்வர் சிலையாக உட்கார்ந்திருக்கிறார்கள்; ராம்செஸ் தவிர மற்ற மூவரும் எகிப்தியக் கடவுள்கள். 22 அன்று ப்தாவைப் பெரும்பாலும் நிழலில் விட்டு மற்ற மூவர் மேல் ஒளி விழும். 23-இல் அந்த ஒளி ஒரு முழம் இடப்பக்கம் தள்ளி விழும், அவ்வளவுதான். 24 என்றால் இரண்டு முழம். வெளிச்சம் உள்ளே வரும், ஆனால் படங்களில் பார்க்கும் அந்த அமைப்பு கலைந்திருக்கும்.

22 அன்று கூட்டம் ஆயிரக்கணக்கில். விடியுமுன்பே வரிசை கட்டி நிற்பார்கள். ஒளி நிற்பதே சுமார் இருபது நிமிடம். உங்கள் முறை வரும்போது சில நொடி பார்த்தால் அதிர்ஷ்டம். வெளியே நடக்கும் ஆட்டம் பாட்டமும் திருவிழாவும் பிடிக்கும் என்றால் மட்டும் போங்கள்.

தேதியைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள், எனக்கு நேரத்தைப் பற்றித்தான் கவலை. பிப்ரவரியில் அங்கே சூரிய உதயம் காலை 6:20-ஐ ஒட்டி. அஸ்வான் நகரிலிருந்து 280 கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பும் வழக்கமான சுற்றுலா வண்டியில் போனால் எந்தத் தேதியானாலும் ஒளி முடிந்த பிறகுதான் இறங்குவீர்கள். முந்தைய இரவு அபு சிம்பெல் ஊரிலேயே தங்க ஏற்பாடு உண்டா, அன்று கோயிலை உதயத்துக்கு முன் திறப்பார்களா என்று கேளுங்கள். இரண்டுக்கும் 'ஆம்' கிடைக்காவிட்டால் 24-ஐ அப்படியே விட்டுவிடுங்கள். 1960-களில் அஸ்வான் அணை நீரில் மூழ்காமல் இருக்க, கோயிலையே துண்டு துண்டாக அறுத்து 65 மீட்டர் மேலே ஏற்றி அடுக்கியிருக்கிறார்கள். அதைப் பார்க்கவே தனியாக நேரம் வேண்டும்.

அப்புறம், இன்னொரு முறை போவதாக இருந்தால் டிசம்பரில் லக்சருக்குப் போங்கள். அங்குள்ள கர்னாக் கோயிலின் நடு அச்சு டிசம்பர் 21-ஐ ஒட்டிய சூரிய உதயத்தை நோக்கியது. அந்தச் சமயத்தில் உதிக்கும் இடம் பல நாட்களுக்கு அநேகமாக நகர்வதே இல்லை. மூன்று நாள் முன்னே பின்னே ஆனாலும் பரவாயில்லை.