கப்பல்காரரைக் கேளுங்கள்

(சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் 27 ஆண்டு வேலை செய்துவிட்டு, இப்போது பருத்தித்துறையில் வீட்டோடு இருப்பவர் பதில் சொல்கிறார்.)

இதுதான் உலகத்தின் கடைசி என்று உங்களுக்குத் தோன்றிய இடம் எது?
வாசகர், கரவெட்டி

சிலி நாட்டில் புன்ரா அரெனாஸ். மகெல்லன் நீரிணையின் கரையில் இருக்கிற ஊர். அந்த நீரிணை ஏறக்குறைய 570 கிலோமீற்றர். இரண்டு பக்கமும் பனிமலை என்று மேல்தட்டில் நின்றவர்கள் சொன்னார்கள். நான் பார்த்ததென்னவோ எண்ணெய்க் குழாயும் வெப்பமானியும்தான். எஞ்சின்காரனின் உலகப் பயணம் அப்படித்தான்.

ஊருக்குள் இறங்கியது ஒரு ஜனவரி மாதம், அங்கே அது கோடைகாலம். இரவு பத்து மணியாகியும் வெளிச்சம் போகவில்லை. எங்கள் சோளகத்தையே பெரிய காற்று என்று நினைத்திருந்தவன் நான். அங்கே காற்று கடுமையான நாட்களில் ஆட்கள் பிடித்து நடக்கத் தெருவில் கயிறு கட்டுவார்களாம். நாங்கள் போன அன்று கயிறு இல்லை, ஆனால் என் தொப்பி போனது போனதுதான்.

நகரச் சதுக்கத்தில் மகெல்லன் சிலை. மேலே அவர், கீழே அந்த மண்ணின் பழங்குடி மனிதர் ஒருவர். அவருடைய கால்விரலைத் தொட்டால் அந்த ஊருக்குத் திரும்பி வருவோம் என்று நம்பிக்கை. தொட்டுத் தொட்டு விரல் மினுங்குகிறது. நானும் தொட்டேன். இருபது வருஷமாகிவிட்டது, இன்னும் கூப்பிடக் காணோம்.

அன்றிரவு அம்மா கட்டித் தந்த பனாட்டைப் பிலிப்பைன்ஸ் சமையல்காரருக்குக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, இதைச் செருப்புக்குத் தடவுவதா என்று கேட்டார். மறுநாள் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டு வந்து நின்றதும் அவர்தான்.

கடற்கொள்ளையரைப் பார்த்ததுண்டா?
மாணவர், உரும்பிராய்

இல்லை. ஏடன் வளைகுடாவில் அவர்கள் ஏறாமலிருக்கக் கப்பலைச் சுற்றி முள்ளுக்கம்பி கட்டினோம். கிழிந்தது எங்கள் கைதான்.

வல்வெட்டித்துறையிலிருந்து பாய்க்கப்பல் அமெரிக்கா போனது என்கிறார்களே, உண்மையா, புளுகா?
வாசகி, நெல்லியடி

முழு உண்மை, பிள்ளை. ‘அன்னபூரணி’ 1930இல் வல்வெட்டித்துறையில் கட்டிய கப்பல். வில்லியம் ரொபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கித் தன் மனைவியின் பெயரை வைத்தார். சுயஸ் கால்வாய், ஜிப்ரால்டர், பெர்முடா என்று போய், 1938இல் மசாசுசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறையில் சேர்ந்தது. ஓட்டிப்போனவர்களில் எங்கள் பக்கத்துக் கடலோடிகளும் இருந்தார்கள். நீளம் 89 அடி. மூன்று பஸ்ஸை வரிசையாக நிறுத்தினால் கப்பலைவிட நீண்டுவிடும். நான் வேலை செய்த கப்பல்களில் எஞ்சின் அறையே அதில் பாதி வரும்! அத்திலாந்திக்கை எட்டு முறை கடந்தேன் என்று சொல்ல எனக்கே கூச்சமாயிருக்கிறது.

பாஸ்போட் இல்லை, காசும் இல்லை. சாகசப் பயணம் போக ஆசை. எங்கே போகலாம்?
வாசகர், கொக்குவில்

நெடுந்தீவு. காசு கொஞ்சம் போதும். குறிகட்டுவானுக்குப் பஸ், அப்புறம் படகு. சுண்ணாம்பில்லாமல் பவளக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள், மட்டக்குதிரைகள், உள்ளே ஆள் நிற்கக்கூடிய பெருக்கமரம் எல்லாம் இருக்கின்றன. தண்ணீர்ப் போத்தல் மறக்க வேண்டாம், வெயில் பொல்லாதது.

போன வருஷம் நானும் போனேன், சரியான சோளகக் காலம். கீழ்த்தட்டில் இடம் பிடித்தது என் பிழை. டீசல் மணமும் ஆட்டமும் சேர, 27 வருஷத்தில் எந்தச் சமுத்திரத்திலும் எடுக்காத சத்தியை அந்த ஒரு மணி நேரத்தில் எடுத்தேன். பக்கத்திலிருந்த ஆச்சி ஒருவர் மடியிலிருந்து தேசிக்காய் எடுத்து என் கையில் வைத்து, முதுகைத் தடவிக்கொண்டே கேட்டார்: “தம்பி, கடலிலை போறது இதுதான் முதல் தரமோ?”

ஓம் என்றேன்.