"சாத்தூரில் உட்கார்ந்து எழுதுகிறேன், பேச ஆளில்லை"

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 32 வயது. சென்னையில் ஒரு விளம்பர ஏஜென்சியில் ஆறு வருடம் எழுத்து வேலை பார்த்தேன். குழந்தை பிறந்தபின் வேலையை விட்டுவிட்டுக் கணவரின் ஊரான சாத்தூருக்கு வந்து மூன்று வருடமாகிறது. மொழிபெயர்ப்பு, யூடியூப் ஸ்கிரிப்ட், விளம்பர வாசகம் என்று கிடைத்ததை ஃப்ரீலான்ஸாகச் செய்கிறேன். ஒரு மாதம் 35,000 வரும், அடுத்த மாதம் 8,000. ஒரு நிறுவனம் 42,000 ரூபாயை நாலு மாதமாக இழுத்தடிக்கிறது. அதைவிடப் பெரிய குறை, எழுத்தைப் பற்றிப் பேச ஓர் ஆள் இல்லை. ஐந்து சிறுகதைகள் எழுதி அப்படியே கிடக்கின்றன. ஏழெட்டு வாட்ஸ்ஆப் குழுவில் இருக்கிறேன். காலை வணக்கம்தான் வருகிறது. வீட்டில், 'எந்நேரமும் போனை நோண்டிக்கிட்டு இருக்கா' என்கிறார்கள். மறுபடி சென்னைக்கே போய்விடலாமா?
— ஒரு வாசகி, சாத்தூர்

பதில்: சென்னைக்குப் போக வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன், முதலில் அந்த 42,000.

போனில் கேட்பதை இன்றோடு நிறுத்துங்கள். எந்த வேலை, என்றைக்கு அனுப்பினீர்கள், பில் எண், தொகை என்று ஒரே பட்டியலாகப் போட்டு, அவர்களுடைய கணக்குப் பிரிவுக்கு மெயில் அனுப்புங்கள். உங்களிடம் வேலை வாங்கியவர் அதில் நகல் பெறுபவராக மட்டும் இருக்கட்டும். அடுத்து வருமான வரி இணையதளத்தில் உங்கள் பான் எண்ணுக்கு எதிரே அந்த நிறுவனம் 10 விழுக்காடு வரி பிடித்துக் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நிறுவனத்திடமிருந்து வருடத்துக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் பிடித்தம் உண்டு. கட்டியிருந்தால், உங்கள் பில்லைக் கணக்கில் ஏற்றியதற்கு அவர்களே கொடுத்த சாட்சி அது. பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் அதே பட்டியலை ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடுங்கள். பாக்கிக்கு வழக்குப் போட மூன்று வருடம் அவகாசம் இருக்கிறது, பதற வேண்டியதில்லை.

இனிமேல் வரும் வேலைக்கு உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, செய்துகொள்ளுங்கள். ஆதாரும் பானும் போதும், கட்டணம் கிடையாது. தனி ஆளாக எழுதிக் கொடுப்பதும் ஒரு குறுந்தொழில்தான். 2006இல் வந்த குறு, சிறு தொழில் சட்டப்படி வேலையை ஏற்றுக்கொண்டதிலிருந்து அதிகபட்சம் 45 நாளுக்குள், எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. அந்த வட்டியை நான் இதுவரை யாரிடமும் வாங்கியதில்லை, வாங்க வேண்டிய அவசியமும் வரவில்லை. உத்யம் எண்ணை பில்லின் தலையிலேயே போட்டுவிடுவேன். 2023-24 நிதியாண்டிலிருந்து, கெடு தவறி நமக்குத் தரும் பணத்தை, கொடுத்து முடிக்கும் வரை அவர்கள் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது. அதனால் மார்ச் மாதம் வந்தால் அவர்களுடைய ஆடிட்டரே நம் பில்லைத் தேட ஆரம்பித்துவிடுவார். ஒன்று மட்டும்: பதிவுக்கு முந்தைய பாக்கிக்கு இந்தச் சட்டம் கைகொடுக்கும் என்று நம்பாதீர்கள். அந்த 42,000க்கு மெயிலும் தபாலும்தான் வழி.

இவ்வளவையும் உங்களுக்கு நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள், அதுதான் உங்கள் சிக்கல். பழைய ஆபீசில் பக்கத்து நாற்காலியில் ஒருவர் இருந்தார். "இந்தக் கம்பெனி பணம் தருமா?" என்று திரும்பிக் கேட்டால் போதும். நீங்கள் ஏங்குவது பாதி அந்த நாற்காலிக்கு. மீதிப் பாதி, உங்கள் கதையைப் படிக்க ஆளில்லாத ஏக்கம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு 'எழுத்தாளர் நட்பு' தேடுகிறீர்கள். கதை படிக்கிறவரிடம் ரேட் கேட்டால் அவர் முகம் சுருங்கும். ரேட் சொல்கிறவரிடம் கதையைக் கொடுத்தால் 'சூப்பர் மேடம்' என்று ஒரு கட்டைவிரல் வரும். இரண்டும் வேண்டும், ஆனால் வேறு வேறு ஆட்களிடம்.

தொழில் ஆட்களை முதலில் பார்ப்போம். மொழிபெயர்ப்புக்குச் சொல் கணக்கில்தானே வாங்குகிறீர்கள்? எந்தச் சொல், ஆங்கிலமா தமிழா? நான் தொடங்கிய காலத்தில் இரண்டு வருடம் தமிழ்ச் சொல்லுக்குக் கணக்குப் போட்டுப் பணம் வாங்கினேன். 'வந்துகொண்டிருந்தவர்களுக்கு' என்பது நமக்கு ஒரு சொல், ஆங்கிலத்தில் அதற்கு நாலைந்து வேண்டும். 1000 சொல் ஆங்கிலக் கட்டுரை என் கையில் தமிழில் 700, 750க்குள் முடிந்துவிடும். அதாவது கால் பங்கு வேலையை ஓசியில் செய்துகொண்டிருந்தேன். மதுரையில் ஒரு டிடிபி கடையில் மெய்ப்பு (அச்சுக்கு முன் பிழை திருத்தம்) பார்க்கிற அம்மாதான், "மூலத்தை எண்ணும்மா, முடிச்சதை எண்ணாதே" என்று சொல்லிக் கொடுத்தார். யூனிகோடில் அடித்ததைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றிக் கேட்டால் தனிக் காசு வாங்க வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். பள்ளியிலும் கல்லூரியிலும் யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை.

அப்படிப்பட்டவர்கள் உங்களுக்கு எங்கே கிடைப்பார்கள்? உங்கள் பக்கத்தூர் சிவகாசி! நாடு முழுக்கக் காலண்டரும் டைரியும் நோட்டும் லேபிளும் அச்சாகிற ஊரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சென்னைக்கு பஸ் தேடுகிறீர்கள். அங்கே டிசைனர்கள், தட்டச்சு செய்பவர்கள், மெய்ப்புப் பார்ப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பத்தை ஆடிப்பெருக்கு அன்று வெளியிடுவது அங்கே வழக்கம். அதனால் எழுத்து வேலையும் திருத்த வேலையும் சித்திரை, வைகாசியிலேயே சூடு பிடித்துவிடும். நாலு அச்சகம் ஏறி இறங்குங்கள். வேலை கேட்டுப் போவதைவிட, "அவசரத்துக்குத் திருத்திக் கொடுக்க ஆள் வேண்டுமானால் கூப்பிடுங்கள்" என்று எண் கொடுத்துவிட்டு வருவது நல்லது. டிசைனர் இரண்டு பேர் பழக்கமானால் போதும். வாசகம் எழுத ஆள் தேடும் கடைக்காரர் முதலில் கேட்பது அவர்களிடம்தான்.

உங்கள் பழைய ஆபீசிலிருந்து வெளியே வந்து தனியாக எழுதுகிறவர்கள் மூன்று நான்கு பேராவது இருப்பார்கள். அவர்களோடு ஒரு சின்னக் குழு, ஆறு பேருக்கு மேல் வேண்டாம். அதில் ரேட், பாக்கி வைக்கும் நிறுவனங்கள், கை நிறைய வேலை இருக்கும்போது தள்ளிவிடுவது, இவை மட்டும். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர் அந்த ஸ்கிரிப்டை முடித்துக் கொடுக்க வேண்டும். 8,000 வந்த மாதத்துக்கு மருந்து இங்கேதான் இருக்கிறது.

ஒப்பந்தக் காகிதம் பற்றி ஒரு வார்த்தை. நான் மொழிபெயர்த்த நூல் ஒன்றை மொத்தத் தொகைக்கு, வாய்ப்பேச்சில் கொடுத்துவிட்டேன். மறுபதிப்பு வந்தது எனக்குக் கடையில் பார்த்துத்தான் தெரியும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஊழியராக இல்லாமல் எழுதிக் கொடுத்தால் உரிமை முதலில் எழுதியவருக்கே. மொழிபெயர்ப்பிலும் மொழிபெயர்த்தவருக்குத் தனி உரிமை உண்டு. எழுத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் அது கைமாறும். அப்படிக் கொடுக்கும்போதும் காலம் குறிப்பிடவில்லையென்றால் ஐந்து வருடம், இடம் குறிப்பிடவில்லையென்றால் இந்தியா மட்டும். கையெழுத்துப் போடும் முன் அந்த இரண்டு வரிகளையாவது தேடிப் படியுங்கள்.

இப்போது உங்கள் ஐந்து கதைகள்.

நீங்கள் இருக்கிற இடம் தமிழில் கதைக்குப் பேர்போன கரிசல் மண். கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல் ஒரு சின்னக் கிராமம். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் அந்த ஒரே ஊர்க்காரர்கள், சிறுவயதுச் சிநேகிதர்கள். அழகிரிசாமி சென்னைக்கும் பிறகு மலேசியாவுக்கும் வேலைக்குப் போய்விட, கி.ரா. ஊரிலேயே இருந்தார், இடையில் கடிதங்கள் ஓடின. 1970ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது, இறந்தபின், அழகிரிசாமிக்கு, 1991இல் கி.ரா.வுக்கு. அந்த இலக்கிய வட்டத்தின் உறுப்பினர் எண்ணிக்கை இரண்டு என்று சொன்னால் ரொம்பத் தப்பாகாது. எழுபது, எண்பதுகளில் கோவில்பட்டி காந்தி மைதானத்தில் கோணங்கி, ச. தமிழ்ச்செல்வன், உதயசங்கர், நாறும்பூநாதன் என்று எழுத்தாளர்கள் எல்லாம் கூடி ராத்திரி வெகுநேரம் பேசுவார்கள். அதற்கும் முன்னால் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் டி.கே.சி. என்கிற ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் தன் வீட்டிலேயே நண்பர்களைக் கூட்டிவைத்துக் கம்பனைச் சொல்லிச் சொல்லி ரசித்தார். வட்டத்தொட்டி என்று பெயர். இவர்களில் யாரும் இதற்கென்று சென்னைக்கு பஸ் ஏறவில்லை.

இதில் எனக்கு ஒரு முணுமுணுப்பும் உண்டு. மைதானத்தில் விடிய விடியப் பேசியவர்களின் வீட்டில் சோறு யார் வடித்தது, பிள்ளையை யார் தூங்க வைத்தது? நம்மால் ராத்திரி பத்து மணிக்கு மைதானத்துக்குப் போக முடியாது. ஆகவே அந்தக் கதைகளைக் கேட்டு ஏங்காமல், பகலில் நடக்கிற, குழந்தையைக் கூட்டிப் போகக்கூடிய ஒன்றை நாமேதான் அமைத்துக்கொள்ள வேண்டும்.

ஆட்கள் கிடைக்கும் இடங்கள் இருக்கின்றன. பொது நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஒன்று உண்டு. பல ஊர்களில் பெயரளவில்தான் இருக்கிறது, ஆனால் நூலகரிடம் கேட்டால் யார் கதைப் புத்தகமாக எடுத்துப் போகிறார் என்று அவருக்குத் தெரியும். 1975இல் மதுரையில் தொடங்கிய தமுஎகச (தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்), பொதுவுடைமைத் தலைவர் ஜீவா 1961இல் தொடங்கிய கலை இலக்கியப் பெருமன்றம், இரண்டுக்கும் தென்மாவட்டங்களில் கிளைகள் இருக்கின்றன. இரண்டுமே இடதுசாரிச் சார்புள்ளவை, அதைத் தெரிந்துகொண்டே போங்கள். உங்களுக்கு உடன்பாடோ இல்லையோ, கூட்டத்தில் புதிதாக ஒருவர் கதை வாசித்தால் உட்கார்ந்து கேட்பார்கள். 2022 முதல் மாவட்டந்தோறும் அரசு நடத்தும் புத்தகத் திருவிழாவுக்கும் போங்கள். அங்கே மேடைப் பேச்சைவிட, சிறு பதிப்பகங்களின் கடையில் மதிய நேரத்தில் கூட்டமில்லாதபோது பேச்சுக் கொடுப்பது பலன் தரும்.

போனதும் 'நானும் எழுதுவேன்' என்று கதையை நீட்டாதீர்கள். மூன்று கூட்டம் சும்மா கேளுங்கள். யார் புத்தகத்தை உண்மையில் படித்துவிட்டு வந்து பேசுகிறார், யார் அட்டையைப் பார்த்துப் பேசுகிறார் என்பது தெரிந்துவிடும். படித்துவிட்டு வருகிறவர் ஒருவரோ இருவரோதான் இருப்பார். அவருடைய கதையை நீங்கள் முதலில் வாங்கிப் படித்து, ஒரு பக்கம் கருத்து எழுதிக் கொடுங்கள். அதற்குப் பிறகு உங்கள் கதையை அவரே கேட்பார்.

மூன்று பேர் சேர்ந்துவிட்டால் மாதம் ஒரு ஞாயிறு, காலை பத்திலிருந்து பன்னிரண்டு. கதை இரண்டு நாள் முன்னதாகவே கைக்கு வந்திருக்க வேண்டும். படித்தவர், எந்த இடத்தில் கவனம் போயிற்று, எந்த ஆள் மனதில் நிற்கவில்லை என்று சொல்லலாம். 'நானாக இருந்தால் இப்படி முடித்திருப்பேன்' என்பது கூடாது. எழுதியவர் அந்த அரை மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் ரொம்பக் கஷ்டம். நானே இருபது வருடமாகத் திணறுகிறேன். கதையைத் திருடிவிடுவார்களோ என்ற பயம் சினிமாக் கதைக்கு நியாயம். அதைச் சென்னையிலுள்ள தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிந்துவிட்டுக் காட்டுங்கள். சிறுகதையைத் திருடி யாரும் இங்கே வீடு கட்டவில்லை.

வீட்டில் சொல்லும் அந்தப் 'போன் நோண்டல்' பற்றி. திண்டுக்கல்லில் இருக்கும் ஒரு தோழியும் நானும் வாரத்தில் நாலு நாள், காலை பத்து மணிக்குப் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் பேசாமல் எழுதுவோம். அவள் வீட்டுக் குக்கர் விசில் எனக்குக் கேட்கும், என் வீட்டுக் காக்காய் அவளுக்குக் கேட்கும். பதினொன்றுக்கு "எத்தனை பக்கம்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவோம். நேரம் நிலையாக இருப்பதால் வீட்டில் அதை வேலை என்று எடுத்துக்கொண்டார்கள். இன்னொன்றும் செய்தேன். வங்கிக் கணக்கை எழுத்துக்கென்று தனியாக்கி, அதிலிருந்து மாதம் ஒரே தொகையை, உங்கள் நிலைமைக்கு 15,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், முதல் தேதியன்று வீட்டுக் கணக்குக்கு மாற்றினேன். கூட வந்த மாதத்து மிச்சம் குறைந்த மாதத்துக்கு அங்கேயே நிற்கும். என் மாமியார் அதைச் 'சம்பளம்' என்று சொல்ல ஆரம்பித்தது மூன்றாவது மாதம்.

ஐந்து கதையில் எது முதலில் என்று யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். இருப்பதில் சின்னதை ஏ4 தாளில், வரிகளுக்கு இடைவெளி விட்டு மூன்று பிரதி எடுத்து வையுங்கள். திருத்தி எழுத ஓரத்தில் இடம் வேண்டும். கோவில்பட்டிக்கு அரை மணிப் பயணம்தான், குழந்தைக்கு ஜன்னல் சீட். கூட்டத்துக்கு வெறுங்கையோடு போகாமல் உங்கள் ஊர் காராச்சேவு அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போங்கள்.