அப்பாவின் சாம்பல் இன்னும் அலமாரிக்குள்

கேள்வி (2021ஆம் ஆண்டு நடுப்பகுதியில் வந்தது):

அன்புள்ள டீச்சருக்கு,

நான் வாழைச்சேனைப் பக்கம். குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறேன். வந்து மூன்று வருடமாகப் போகிறது. மேடத்தின் தாய் எழும்பி நடக்க ஏலாதவ. அவவைப் பார்ப்பதுதான் என் வேலை. முன்பெல்லாம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை குவைத் சிற்றியில் இருக்கிற திருக்குடும்பப் பேராலயத்துக்குப் போக விடுவார்கள். போன வருடம் பங்குனியில் ஆலயம் பூட்டியதோடு அதுவும் இல்லை. இப்போது கொரோனாவைச் சொல்லி வாசல் தாண்டவே விடுகிறார்கள் இல்லை. போனில் பூசையைப் போட்டுவிட்டு உடுப்பு அயன் பண்ணுகிறேன். பாத்திரம் கழுவும்போது செபமாலை சொல்வேன். மேடம் கூப்பிட்டால் எத்தனையாவது மணியில் விட்டேன் என்றே தெரியாது. போன ஐப்பசியில் கிழவிக்குக் கொரோனா வந்து என்னையும் அதே அறைக்குள் விட்டுப் பூட்டினார்கள். சாப்பாடு கதவடியில் வரும்.

இந்தத் தையில் அப்பா கொரோனாவில் போய்விட்டார். எரித்துவிட்டார்கள். சாம்பலைத் தம்பி வாங்கிவந்து வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறான். “அக்கா வந்த பிறகு பாப்பம்” என்கிறான். மாமி கல்லடிக் கடலில் கரைக்கச் சொல்கிறா. 31ஆம் நாளும் செய்யவில்லை. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை டீச்சர். விசுவாசம் விட்டுப்போச்சோ என்று பயமாக இருக்கிறது. இதற்குள் ஊர் வட்ஸ்அப் குறூப்பில் ஒரு சகோதரி, ஊசி போடுகிறவர்கள் மிருகத்தின் முத்திரையை வாங்குகிறார்கள் என்று வொயிஸ் அனுப்பியிருக்கிறா. இங்கே ஊசிக்குப் பெயர் பதியச் சொல்கிறார்கள். நான் என்ன செய்ய?

— ஒரு மகள், குவைத்

பதில்:

மகள், நீங்கள் முன்னுக்கு எழுதியது பூசையைப் பற்றி. ஆனால் உங்களை நித்திரை கொள்ள விடாமல் வைத்திருப்பது அந்த அலமாரி என்று நினைக்கிறேன். பூசைக் கதையை முதலில் முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

பூசைக்குப் போகாதது உங்கள் மேல் பாவமாக ஏறவில்லை. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, திருச்சபைச் சட்டமே சொல்கிறது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் 1248ஆம் இலக்கத்தை எடுத்துப் பாருங்கள். குருவானவர் இல்லாமலோ வேறு பாரதூரமான காரணத்தாலோ ஒருவரால் ஞாயிறு பூசையில் பங்குபற்ற முடியாவிட்டால், அவர் தனியாகவோ குடும்பமாகவோ கொஞ்ச நேரம் செபத்தில் இருக்கட்டும் என்கிறது. கொரோனா என்ற பெயர் யாருக்கும் தெரியாத காலத்தில் எழுதியது. வெளியே பூட்டிய கதவை விடப் பாரதூரமான காரணம் என்ன இருக்கிறது?

எங்கள் ஆட்களுக்கு இது புதிதும் இல்லை. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுவெடிப்பை நீங்கள் அங்கிருந்து போனில் பார்த்து அழுதிருப்பீர்கள். அடுத்த ஞாயிறு நாடெங்கும் கத்தோலிக்க ஆலயங்களில் பூசை இல்லை. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை ஒப்புக்கொடுத்த பூசையை எல்லாரும் ரீவியில்தான் கண்டோம். அந்த ஞாயிறு வீட்டில் இருந்தவர்களை யாரும் விசுவாசம் விட்டவர்கள் என்று சொல்லவில்லை.

ஆனாலும் அயன் பண்ணிக்கொண்டு பூசை கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை. பாவம் என்பதால் அல்ல, உங்களுக்கு அதில் ஒன்றும் கிடைக்காது என்பதால். ஒரு மணித்தியாலம் காதுக்குள் ஓட விடுவதை விட, கிழவி பகல் உறங்கும் பத்து நிமிடம் போதும். அன்றைய நற்செய்தியை வாசியுங்கள். பிறகு ஆண்டவரே, உம்மை வாங்க ஏலாத இடத்தில் இருக்கிறேன், மனத்துக்குள் வாரும் என்று கேளுங்கள். மனத்தால் நன்மை, அதாவது நற்கருணை, வாங்குவது திருச்சபையில் பழைய பழக்கம். பாவசங்கீர்த்தனத்துக்கு வழியில்லை என்ற கவலை இருந்தால், சின்னனில் படித்த உத்தம மனஸ்தாப மந்திரத்தை அர்த்தத்தோடு சொல்லுங்கள். வாய்ப்பு வந்தவுடன் குருவிடம் போவேன் என்ற தீர்மானமும் அதோடு இருக்க வேண்டும்.

செபமாலை மட்டும் வேலையோடே ஓடட்டும். மடத்துச் சாமிமார் 150 சங்கீதங்களையும் பாடிச் செபித்த காலத்தில், வாசிக்கத் தெரியாத பாட்டாளிச் சனங்கள் அதற்குப் பதிலாக 150 தரம் ‘அருள்நிறைந்த மரியே’ சொன்னார்கள். செபமாலையின் வேர் அங்கேதான். உங்களைப் போலக் கை ஓயாதவர்கள் சொல்லிச் சொல்லி வளர்த்தது அது. எந்த மணியில் விட்டோம் என்று மாதா கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டா.

அந்த ஐப்பசி மாதக் கதையை நீங்கள் இரண்டு வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போகிறீர்கள். உங்களை அப்படிப் பூட்டியது சரியான காரியமல்ல. ஆனால் அந்த அறைக்குள் நீங்கள் செய்தது என்ன என்று தெரியுமா? 2020 மார்ச் 20ஆம் திகதி வத்திக்கான் ஓர் ஆணை வெளியிட்டது. இந்த நோய் கண்டவர்களுக்கு மட்டுமல்ல, அவர்களைப் பராமரிக்கிறவர்களுக்கும் பரிபூரண பலன், அதாவது பாவத்துக்குரிய தண்டனையிலிருந்து முழு விடுதலை, உண்டு என்றது அது. தாதிமாருக்கு மட்டும் என்று எழுதவில்லை, எந்த வகையிலாவது பராமரிக்கிற எல்லாரையும் சேர்த்துத்தான். விசுவாசம் போய்விட்டது என்று பயப்படுகிற ஆள் அந்த நேரம் எங்கே நின்றிருக்கிறா என்று பாருங்கள்.

இன்னொன்றும் தெரிந்து வைத்திருங்கள். குவைத்தில் வீட்டு வேலைக்காரருக்கென்று 2015ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. கிழமைக்கு ஒரு நாள் லீவு, ஒரு நாளைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் வேலை இல்லை, பாஸ்போட்டை முதலாளி பிடித்து வைக்கக்கூடாது என்றெல்லாம் அதில் உண்டு. இதை வைத்துச் சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. சம்பளம் நின்றாலோ யாரும் கை நீட்டினாலோ தூதரகத்துக்கு அறிவியுங்கள். தம்பியும் இங்கிருந்து வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்குப் போன் எடுக்கலாம்.

இனி அப்பா.

எரித்ததால் அப்பாவின் ஆத்துமாவுக்கோ உயிர்ப்புக்கோ ஒரு குறையும் இல்லை. 1963ஆம் ஆண்டிலிருந்தே தகனத்தைத் திருச்சபை அனுமதித்திருக்கிறது. அடக்கம்தான் அதற்கு விருப்பம், ஆனால் எரித்தவருக்குப் பூசை மறுப்பதில்லை. உங்கள் வீட்டில் அதையும் யாரும் விரும்பித் தெரிவு செய்யவில்லையே. போன வருடம் ஏப்ரலில் வந்த அரசாங்க வர்த்தமானி இந்த நோயில் இறந்த எல்லாரையும் எரிக்கச் சொன்னது. முஸ்லிம் சனங்கள் அதில் பட்ட பாட்டை ஊரே கண்டது. இந்த மாசியில்தான் அடக்கத்துக்கு விட்டார்கள். பங்குனியில் ஓட்டமாவடியில் முதல் அடக்கங்கள் நடந்தன, உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அப்பா இன்னும் இரண்டு மாதம் இருந்திருந்தால் மண்ணுக்குள் வைத்திருப்பார்களே என்ற கணக்கு இரவில் உங்கள் தலைக்குள் ஓடும். ஓடட்டும், அதை நிறுத்தச் சொல்ல நான் யார்? அதில் உங்கள் குற்றமும் இல்லை, தம்பியின் குற்றமும் இல்லை என்பதை மட்டும் சேர்த்து நினையுங்கள்.

அலமாரி விசயத்தில் தம்பியோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவர் உங்கள் மேல் உள்ள பாசத்தில் காத்திருக்கிறார், விளங்குகிறது. ஆனால் 2016இல் திருச்சபை தெளிவாக அறிவுறுத்தியிருக்கிறது. சாம்பலைச் சேமக்காலை (கல்லறைத் தோட்டம்) போன்ற புனித இடத்தில் வைக்க வேண்டும். வீட்டில் வைத்திருக்கவோ பங்குபோடவோ கடலிலோ காற்றிலோ கலக்கவோ கூடாது. மாமி சொன்னதைக் கோபிக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் சைவமும் கிறிஸ்தவமும் ஒரே வளவுக்குள் சமைத்துச் சாப்பிடுகிறவை. கடலில் கரைப்பது அவவின் மரியாதை. எங்கள் மரியாதை மண்ணில் வைத்து, தலைமாட்டில் சிலுவை நட்டு, கார்த்திகை (நவம்பர்) 2ஆம் திகதி, மரித்த ஆத்துமாக்களின் நாளில், மெழுகுதிரியோடு போய் நிற்பது. போய் நிற்க ஓர் இடம் வேண்டும் மகள். கடலுக்கு எந்தப் பக்கம் பார்த்து நிற்பது?

அதனால் உங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று தம்பிக்கு நீங்களே சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் கேட்பார். பங்குச் சாமியோடு கதைத்து, சுகாதாரப் பரிசோதகர் அனுமதிக்கிற அளவு ஆட்களோடு, விடியக்காலையில் சேமக்காலைக்குக் கொண்டுபோகட்டும். சொந்தக்காரர் யாருடைய குழியாவது இருந்தால் அதிலேயே வைக்கலாமா என்று சாமியிடம் கேட்கட்டும். நீங்கள் போனில் இருங்கள். கல் வைப்பதை மட்டும் உங்களுக்கு விட்டுவைக்கச் சொல்லுங்கள். கல் எப்படியும் ஆற அமரத்தான் வைப்பார்கள். அதில் என்ன எழுதுவது என்று நீங்கள் முடிவு செய்யுங்கள், அது மூத்த பிள்ளையின் வேலை.

31ஆம் நாள் தவறிப்போனதற்கும் கலங்க வேண்டாம். செத்தவருக்கான பூசையைப் பிந்திவிட்டது என்று எந்தச் சாமியும் திருப்பி அனுப்பமாட்டார். போன கார்த்திகையில், முதல் எட்டு நாளுக்குள் சேமக்காலைக்குப் போய் வேண்டினால் கிடைக்கும் பலனை, கூட்டம் கூடக்கூடாது என்று வத்திக்கானே மாதம் முழுவதற்கும் நீட்டியது. சாம்பல் வைக்கிற அன்றே பூசையும் ஒப்புக்கொடுக்கட்டும். நாலு ஏழைகளுக்குச் சோறு கொடுக்க நீங்கள் காசு அனுப்புங்கள்.

அழுகை வராததைப் பற்றி. நீங்கள் அப்பாவின் முகத்தைக் காணவில்லை. செத்தவீட்டில் இருக்கவில்லை. உங்கள் கழுத்தைக் கட்டி ஒப்பாரி சொல்ல ஒருவரும் இல்லை. தனியே நின்று அழ எங்கள் சனத்துக்குத் தெரியாது, பழக்கமும் இல்லை. இதில் விசுவாசக் குறைவு எங்கே வந்தது? ஒன்று கேட்கிறேன், அந்தக் கிழவிக்கு அப்பா செத்ததைச் சொன்னீர்களா? அரபு வீடுகளில் மரணத்துக்கு மூன்று நாள் ஆட்கள் வந்து இருந்து துக்கம் கேட்பார்கள். துக்கம் என்றால் என்ன என்று அவவுக்குத் தெரியும். உங்கள் கையால் தண்ணீர் குடிக்கிற மனிசி. சாம்பல் வைக்கிற நாளில் ஒரு மணித்தியாலம் வேண்டும் என்று அவவைக் கொண்டே மேடத்திடம் கேட்பியுங்கள்.

ஊசிக் கதை சின்னது. போடுங்கள். பைபிளின் வெளிப்படுத்தல் ஆகமத்தில் உள்ள முத்திரை மிருகத்தை வணங்குகிறவர்களுக்கானது, நோய்க்கு மருந்தெடுக்கிறவர்களுக்கல்ல. கொரோனாத் தடுப்பூசி போடுவதில் ஒழுக்கத் தடை இல்லை என்று வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2020 டிசம்பர் 21ஆம் திகதி எழுதியது. அடுத்த மாதமே பாப்பரசர் பிரான்சிஸும் போட்டுக்கொண்டார். அந்தச் சகோதரி வேறு சபை என்றால் பாப்பரசரைச் சொல்லி வேலையில்லை, புரட்டஸ்தாந்து சபைகளின் முன்னோடி மார்ட்டின் லூதரைச் சொல்லுங்கள். 1527இல் விட்டன்பேர்க்கில் கொள்ளைநோய் வந்தபோது, மருந்தெடு, வீட்டுக்குப் புகை போடு, தேவையில்லாத இடத்துக்குப் போகாதே, அதோடு நோயாளியைக் கைவிடாதே என்று அவர் எழுதினார். அதற்கும் மேலே வொயிஸ் வந்தால் குறூப்பை மியூற்றில் போடுங்கள்.

அப்பாவுக்காக அவசரப்பட்டு வேலையை விட்டு வர நினைக்கிறீர்கள் என்று கடிதத்தின் தொனியில் தெரிகிறது. இலங்கையிலிருந்து நேரடி விமானங்களைக் குவைத் இந்த 2021 மே மாதம் நிறுத்தியது. ஊசி போட்ட வெளிநாட்டவரை ஆகஸ்ட் 1ஆம் திகதியிலிருந்து உள்ளே விடுவதாகச் சொல்கிறார்கள், ஆனால் எங்கள் நாட்டுக்கு வழி எப்போது திறக்கும் என்பது வேறு கேள்வி. இன்று வந்தால் திரும்பிப் போவது நிச்சயமில்லை. ஊசி இரண்டையும் போட்டு அட்டையைப் பத்திரப்படுத்துங்கள், அக்காமா (வதிவிட அனுமதி) முடிகிற திகதியைப் பாருங்கள். பாதை திறந்த பிறகு மேடத்தோடு லீவுக் கதையைத் தொடங்குங்கள். அதற்கு முன் யாருக்கும் ரிக்கெற் காசு கொடுத்துவிடாதீர்கள்.